ஹரிக்கேன்: புயலா, சூறாவளியா?

நம் வீடுகளுக்குள் இந்தச் சொல் விளக்காகத்தான் நுழைந்தது. கம்பிக் கூண்டும் கண்ணாடிச் சிமினியுமாக, இருட்டில் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போவோமே, அந்த அரிக்கேன் விளக்கு. பெருங்காற்றிலும் அணையாது என்பதால் வந்த பெயர்.

சொல்லின் வேர் ஆங்கிலம் இல்லை. கரீபியன் தீவுகளின் பூர்வகுடிகளான தாயினோ மக்கள் 'ஹுராக்கான்' என்றார்கள். அங்கே போய் இறங்கிய ஸ்பானியர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ள, 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கும் வந்து சேர்ந்தது.

இப்போது அதற்குக் கறாரான அளவு உண்டு. அட்லாண்டிக்கிலோ கிழக்கு பசிபிக்கிலோ வெதுவெதுப்பான கடல்மேல் உருவாகும் சுழற்சி, காற்று மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால்தான் ஹரிக்கேன். 252ஐத் தொட்டால் ஐந்தாம் வகை, அதற்கு மேல் வகை கிடையாது. 2019இன் டோரியனையே பாருங்கள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிளம்பிய ஒரு காற்றலை ஆகஸ்ட் 24 அன்று நடுக்கடலில் தாழ்வு மண்டலமாகத் திரண்டது, 28ஆம் தேதி வர்ஜின் தீவுகள் பக்கம் வந்தபோது ஹரிக்கேன் ஆனது, செப்டம்பர் 1 அன்று பஹாமாஸின் அபாகோ தீவுகளில் மணிக்கு 295 கிலோமீட்டரில் கரை ஏறியது. அடித்துவிட்டுப் போயிருந்தாலாவது பரவாயில்லை. அதைத் தள்ளிக்கொண்டு போகவேண்டிய மேல்காற்று சோர்ந்துவிட்டதால், பக்கத்து கிராண்ட் பஹாமா தீவின் மேல் மனிதன் நடப்பதைவிட மெதுவாக, ஒரு நாளுக்கும் மேலாக அங்கேயே சுழன்றுகொண்டிருந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் 'புயல்' என்று போட்டுவிடும். ஆனால் வங்கக்கடலில் 62 கிலோமீட்டர் வேகத்திலேயே புயல் என்று பெயர் வைத்துவிடுகிறோம், ஹரிக்கேன் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. போதாததற்குப் பழைய தமிழில் புயல் என்றால் மேகம், மழை. 'புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்று வள்ளுவர் சொல்வது மழை பொய்ப்பதைத்தான், காற்றை அல்ல.

என் ஓட்டு சூறாவளிக்கு. சூறை என்றால் சுழல்காற்று, கொள்ளையும்கூட (சூறையாடுவது, சூறைத்தேங்காய் எல்லாம் நினைவுக்கு வருகிறதா?), வளி என்றால் காற்று. இலங்கையில் வங்கக்கடல் புயலையே சூறாவளி என்றுதான் சொல்கிறார்கள். ஒரே சிக்கல், அமெரிக்கச் சமவெளியில் சில நிமிடங்கள் ஆடிவிட்டு ஓயும் டொர்னாடோவுக்கும் நம்மவர்கள் இதே சொல்லைப் போட்டுவிடுவது. அதைச் சுழல்காற்று என்று ஒதுக்கிவிட்டால் குழப்பம் தீரும்.

அப்புறம், எந்தச் சொல்லைப் போட்டாலும் வேகத்தையும் சேர்த்துப் போடுங்கள், அதுவும் கிலோமீட்டரில். டோரியனின் 185 மைலை 185 கிலோமீட்டர் என்று எழுதினால், ஐந்தாம் வகை சூறாவளி மூன்றாம் வகையாக இறங்கிவிடும்.