சுவருக்குள் ஓடும் பூஜ்ஜியக் கோடு

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், கனடா எல்லைக்குப் பக்கமாக வில்லிஸ்டன் என்று ஓர் ஊர். 2008-க்குப் பிறகு அங்கே பாக்கன் பாறையடுக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் வேலை சூடுபிடித்தது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குவிந்தார்கள். தங்க வீடு கிடைக்கவில்லை, கிடைத்த வீட்டுக்கு வாடகை கட்டுப்படியாகவில்லை. அதனால் பலர் பிக்கப் வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்த ட்ரெய்லர் என்ற சக்கர வீட்டிலேயே குளிர்காலத்தையும் ஓட்டினார்கள். அது கோடையில் ஏரிக்கரையில் நாலு நாள் தங்குவதற்காகச் செய்த வண்டி. அங்கே ஜனவரி இரவில் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் சாதாரணம், மைனஸ் 30 வந்தாலும் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள். அந்த எண்ணெய் வயல்களுக்கு நடுவே இருக்கும் பார்ஷல் என்ற சிற்றூரில்தான் 1936 பிப்ரவரியில் மைனஸ் 51 டிகிரி பதிவானது. அந்த மாநிலத்தில் இன்றுவரை பதிவானதிலேயே மிகக் கடுமையான குளிர் அதுதான்.

இப்படி ஒரு பெட்டிக்குள் மனிதர்கள் எப்படிக் குளிர்காலத்தைத் தாண்டுகிறார்கள் என்று கேட்டால், முதலில் எல்லோருக்கும் ஹீட்டர்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஸ்வெட்டரும் கம்பளியும் இருந்தால் மனிதன் ஒரு இரவைச் சமாளித்துவிடுவான். சமாளிக்க முடியாதது தண்ணீர். குழாயில் இருக்கும் தண்ணீர், கழிவுத் தொட்டியில் இருக்கும் தண்ணீர், நம் மூச்சில் வெளியேறும் தண்ணீர், இந்த மூன்றும் எந்த இடத்தில் உறைகின்றன என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

சுவரிலிருந்து தொடங்கலாம். பெரும்பாலான ட்ரெய்லர்களின் சுவர் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தடிமன்தான். உள்ளே 20 டிகிரி, வெளியே மைனஸ் 30 என்று வையுங்கள். ஐம்பது டிகிரி வித்தியாசத்தை அந்த ஐந்து சென்டிமீட்டர் தாங்க வேண்டும். வெப்பநிலை சீராக இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டால், உள்பக்கத்திலிருந்து இரண்டே சென்டிமீட்டர் ஆழத்தில் பூஜ்ஜியம் வந்துவிடுகிறது. சுவருக்குள் ஒரு கோடு ஓடுகிறது, அந்தக் கோட்டுக்கு வெளியே போகும் தண்ணீர் எல்லாம் பனிக்கட்டி. கோடு நேராகவும் ஓடுவதில்லை. சுவருக்குள் அலுமினியச் சட்டம் இருக்கும் இடத்தில், அது வெப்பத் தடுப்பாக அடைத்த கண்ணாடி இழைப் பஞ்சைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், கோடு வளைந்து அறைக்குள்ளேயே வந்துவிடும். அதனால்தான் கடுங்குளிர் நாளில் உள்சுவரின் திருகாணித் தலைகளில் வெள்ளையாக உறைபனி பூத்திருக்கும். ஒற்றைக் கண்ணாடி ஜன்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதன் உள்பக்கமே பூஜ்ஜியத்துக்கு வெகு கீழே.

அந்த உறைபனிக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? நம்மிடமிருந்துதான். மூச்சு, வியர்வை, சமையல், குளியல் எல்லாம் சேர்த்து இரண்டு பேர் நாளொன்றுக்குச் சில லிட்டர் தண்ணீரை ஆவியாகக் காற்றில் கலக்கிறார்கள். பெரிய வீட்டில் அது தெரியாது, இந்தச் சின்னப் பெட்டியில் தெரியும். அறைக் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால், 9 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் அது நீராகப் படியும். மெத்தைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், சூடான காற்று போகாத மூலைகளில் எல்லாம் படிந்து பூஞ்சை பிடிக்கும், சில நேரம் போர்வையே சுவரோடு ஒட்டி உறைந்துவிடும்.

இதற்கு வழி, மைனஸ் 30 குளிரிலும் கூரைத் துவாரத்தைக் கொஞ்சம் திறந்து வைப்பது. பைத்தியக்காரத்தனம் போலத் தோன்றும். ஆனால் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும், மைனஸ் 30-ல் அரை கிராம்கூடத் தாங்காது. வெளியே இருப்பது மிக வறண்ட காற்று. உள்ளே வந்து சூடானதும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும். அதற்காகக் கொஞ்சம் வெப்பத்தை இழக்கலாம், தவறில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: சமையல் அடுப்பைப் பற்றவைத்துக் குளிர்காயக் கூடாது. அங்கே எரிவாயுவாகப் பயன்படும் புரொப்பேன் ஒரு கிலோ எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் உருவாகும், அத்தனையும் அறைக்குள்ளேயே தங்கும். அதைவிட மோசம், காற்றோட்டம் குறைந்தால் கார்பன் மோனாக்சைடு. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். வாசனையும் கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ட்ரெய்லரில் பொருத்தியே வரும் ஃபர்னஸ் என்ற எரிவாயு ஹீட்டர் வெளிக்காற்றை இழுத்து எரித்து, புகையை வெளியிலேயே விட்டுவிடும். அறைக்கு வருவது சூடு மட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லாத ட்ரெய்லரில் ஒரு இரவுகூடத் தூங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, அந்த ஃபர்னஸுக்கு எவ்வளவு எரிவாயு வேண்டும்? எட்டு மீட்டர் நீள ட்ரெய்லருக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். மைனஸ் 30-ல் இடைவிடாமல் 6 கிலோவாட் அளவுக்கு வெப்பம் வெளியேறுகிறது, ஃபர்னஸ் வீணாக்குவதையும் சேர்த்தால் நாளுக்குச் சுமார் 14 கிலோ புரொப்பேன். நம் சமையலறையில் மாதக்கணக்கில் வரும் சிலிண்டர் அங்கே ஒரே நாளில் காலி. நம் சிலிண்டரை அங்கே கொண்டுபோனாலும் முழுசாகப் பயன்படாது. அதில் பியூட்டேனும் கலந்திருக்கிறது, பியூட்டேன் மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே திரவமாகவே கிடக்கும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். ஆனாலும் மைனஸ் 35-ஐ நெருங்கும்போது அழுத்தம் மிகவும் குறைந்துவிடும், போதாக்குறைக்கு ஆவியாகும் திரவம் தனக்கு வேண்டிய வெப்பத்தைச் சிலிண்டரிலிருந்தே எடுப்பதால் சிலிண்டர் மேலும் குளிரும். ஃபர்னஸ் வேகமாக இழுக்க இழுக்க வாயு வருவது குறையும். அதனால்தான் குளிர்காலம் முழுக்கத் தங்குபவர்கள் பெரிய டேங்க்கை வாடகைக்கு எடுத்து வெளியே நிறுத்துகிறார்கள். பரப்பு அதிகம், சுற்றியுள்ள காற்றிலிருந்து அதிக வெப்பம் கிடைக்கும்.

இத்தனையும் செய்தாலும் தரை காலை வாரிவிடும். ட்ரெய்லர் சக்கரத்தின் மேல் நிற்கிறது, அடியில் காற்று வீசிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர்க் குழாயும் கழிவுத் தொட்டியும் பெரும்பாலும் அங்கேதான். எனவே அனுபவசாலிகள் குளிர் வருவதற்கு முன்பே அடிப்பகுதியைச் சுற்றிப் பாவாடை கட்டுவதுபோல அடைத்துவிடுவார்கள். தெர்மோகோல் மாதிரியான நுரைப் பலகை, வைக்கோல் கட்டு, எதுவானாலும் சரி. பனி பெய்தால் அதையும் அள்ளி வெளியே அணைத்துவிடலாம், புதுப்பனியில் அடைபட்ட காற்று அதிகம், அது நல்ல வெப்பத் தடுப்பு. இப்போது நடப்பதைப் பாருங்கள். தரை வழியாகக் கசியும் சூடு காற்றில் அடித்துப் போகாமல் அடியிலேயே தங்குகிறது, மண்ணிலிருந்து ஏறும் கொஞ்ச வெப்பமும் சேர்கிறது. பூஜ்ஜியக் கோடு தரையிலிருந்து நகர்ந்து அந்தப் பலகைக்குப் போய்விடுகிறது. குழாயைத் தொடாமலே குழாயைக் காப்பாற்றியாகிவிட்டது. செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் இதற்கு ஈடான வேலை வேறு இல்லை.

வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் ஹோஸ் குழாயை எந்தப் பாவாடையும் காக்காது, அதற்கு வெப்ப வயர் சுற்ற வேண்டும். தன்னையே கட்டுப்படுத்திக்கொள்ளும் வகை வயர் ஒன்று உண்டு. உள்ளே இரண்டு செம்புக் கம்பிகள், நடுவில் கார்பன் துகள் கலந்த பிளாஸ்டிக். குளிர்ந்தால் பிளாஸ்டிக் சுருங்கித் துகள்கள் நெருங்கும், மின்சாரம் அதிகம் பாயும், சூடு ஏறும். சூடானால் விரிந்து துகள்கள் விலகும், மின்சாரம் குறையும். இதை ஒரே வயரின் ஒவ்வொரு அங்குலமும் தனித்தனியாகச் செய்கிறது!

கழிவுத் தொட்டியின் வால்வைத் திறந்தே வைத்தால் சொட்டுச் சொட்டாக இறங்குவது குழாயில் அடுக்கடுக்காக உறைந்து அடைத்துவிடும். மூடி வைத்து, நிறைந்ததும் மொத்தமாக விட வேண்டும். அப்புறம் பேட்டரி. ஃபர்னஸின் விசிறி அதில்தான் ஓடுகிறது, சார்ஜ் தீர்ந்த ஈய அமில பேட்டரியோ மைனஸ் 7 டிகிரி வாக்கிலேயே உறைந்துவிடும்.

குழாய் வெடிப்பதைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரிகிறது, உண்மை. ஆனால் பெரும்பாலும் பனிக்கட்டி இருக்கும் இடத்தில் குழாய் உடைவதில்லை. அந்தக் கட்டி வளர வளர, அதற்கும் மூடிய குழாய்த்திருகுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் நெருக்கப்பட்டு, அழுத்தம் தாறுமாறாக ஏறி, பலவீனமான இணைப்பில் விரிசல் விடுகிறது. திருகைக் கொஞ்சம் திறந்து சொட்டவிட்டால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். விரிசல் விட்டாலும் அன்றைக்குத் தெரியாது, பனிக்கட்டியே அடைப்பாக நின்று தண்ணீரைத் தடுத்திருக்கும். குளிர் விலகி முதல் கதகதப்பான நாள் வரும்போதுதான் ட்ரெய்லருக்கு அடியிலிருந்து சொட்ட ஆரம்பிக்கும்.