இன்ஸ்பெக்டர்: ஆய்வாளர் அல்ல, ஆய்வி

ஓடிக்கொண்டிருக்கும் செயலியை நிறுத்தாமல், அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் கருவிக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். தமிழ் இடைமுகங்களில் 'ஆய்வாளரைத் திற' என்று எழுதுகிறார்கள். இதை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

'உள்ளே பார்' என்ற லத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. லத்தீனிலும் ஆங்கிலத்திலும் ஆளுக்கும் கருவிக்கும் ஒரே விகுதி போதும். தமிழில் '-ஆளர்' ஆளுக்கு மட்டும்தான். வருவாய் ஆய்வாளர், காவல் ஆய்வாளர் எல்லோரும் மனிதர்கள். கருவியை ஆய்வாளர் என்றால் 'ஆய்வாளர் மூடப்பட்டார்' என்றா எழுதுவது? 'மூடப்பட்டது' என்று எழுதித் திணையைக் குழப்புகிறார்கள். இன்ஸ்பெக்டர் என்றே விட்டாலும் காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும்.

கருவிக்குத் தமிழில் '-இ' இருக்கிறது. பாக்குவெட்டி, மண்வெட்டி, தொலைநோக்கி. அந்த வழியில் 'உள்நோக்கி' என்கிறார்கள் சிலர். வேருக்கு நெருக்கம்தான், ஆனால் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் மருத்துவக் கருவிக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. போதாததற்கு 'உள்நோக்கம்' என்ற சொல்லின் கெட்ட வாடையும் கூடவே வரும்.

என் தேர்வு 'ஆய்வி'. கீரை ஆய்கிறோமே, இலை இலையாகப் பிரித்துப் பார்த்து, அந்த வேலைதான் இங்கேயும் நடக்கிறது. செயலிகளின் சாளரம், பொத்தான்களை உருவாக்க உதவும் நிரல் நூலகம் ஜிடிகே. அதன் 3.14 பதிப்பு (2014) முதல் அந்த நூலகத்துக்குள்ளேயே ஓர் ஆய்வி உண்டு. கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் ஜிடிகே_டீபக்=இன்டராக்டிவ் என்ற சூழல் மாறியை (ஆங்கில எழுத்தில்தான்) முன்னே கொடுத்துச் செயலியைத் தொடங்கினால், சாளரம், பெட்டி, பொத்தான் என்று எல்லாம் கிளை கிளையாக விரியும். திரையில் காணாமல் போன பொத்தானைக் கிளையில் தேடிப் பிடித்து, அதன் 'தெரியும்' என்ற பண்பைப் போட்டால், செயலி ஓடிக்கொண்டிருக்கும்போதே பொத்தான் வந்து நிற்கும். ஜிடிகே போன்ற இன்னொரு நூலகமான க்யூட்டியில் எழுதிய செயலிகளுக்கான காமாரே என்ற கருவி, ஓடும் செயலிக்குள் ஒரு துழாவியைச் செலுத்தி இதே வேலையைச் செய்கிறது. இன்ஸ்பெக்டரை 'வழுநீக்கி' (டீபக்கர்) என்பாரும் உண்டு. அதுவும் சரியில்லை, இது காட்டும், வழுவை நாம்தான் நீக்க வேண்டும்.

கோளாறு எங்கே என்றால், மொழிபெயர்ப்பவர் பலர் செயலியைத் திறந்தே பார்ப்பதில்லை. சரங்களின், அதாவது திரையில் வரும் சொற்களின், பட்டியல் வருகிறது, அகராதியின் முதல் பொருளை எடுத்துப் போடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் என்ற வரி எந்த மெனுவில் வருகிறது, அழுத்தினால் என்ன திறக்கிறது என்று ஒரு முறை பார்த்திருந்தால் அங்கே '-ஆளர்' வந்திருக்காது.