பத்திரம் பதிந்தாச்சு, பட்டா மாறியதா?

நிலம் வாங்கியவர்களுக்குத் தெரியும். பத்திரம் பதிந்த அன்றே வேலை முடிந்துவிடாது. பட்டா பழைய பெயரிலேயே கிடக்கும். ஏஎஸ் எண்ணை ஒரு வட்டாரப் பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் இதே கதைதான். நெட்வொர்க் வேலையில் இருக்கிற நான், இதில் கையைச் சுட்டுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

ஒரு நிறுவனத்தின் நெட்வொர்க் மொத்தத்துக்கும் இணையத்தில் உள்ள அடையாளம் ஏஎஸ் எண். கூகுளுக்கு 15169, பிஎஸ்என்எல்லுக்கு 9829. 'இந்த ஐபி முகவரிகள் என்னிடம் இருக்கின்றன' என்று ரூட்டர்கள் பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று பாதை சொல்லிக்கொள்ளும் முறை) வழியாக அறிவிக்கும்போது இந்த எண்ணைச் சொல்லித்தான் அறிவிக்கும். எண்களைத் தருபவை ஐந்து பதிவகங்கள். வட அமெரிக்காவுக்கு ஆரின், ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ரைப், ஆசிய பசிபிக்குக்கு ஏப்னிக், லத்தீன் அமெரிக்காவுக்கு லேக்னிக், ஆப்பிரிக்காவுக்கு ஆஃப்ரினிக்.

புது எண் சுலபமாகக் கிடைக்கும்போது பழைய எண்ணை ஏன் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? ஆரம்பத்தில் இது 16 பிட் எண், மொத்தமே 65,536. 2007-ல் 32 பிட்டாக விரித்தார்கள். ஆனால் 'இந்தத் தடத்தை அந்தப் பக்கம் அனுப்பாதே' என்று அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது நமக்கு இணைய இணைப்பு தரும் மேல்நிலை நெட்வொர்க்குக்கு, சொல்லும் கம்யூனிட்டி குறியீட்டில் ஏஎஸ் எண்ணுக்கு 16 பிட் இடம்தான் உண்டு. பெரிய எண் அதில் நுழையாது. 2017-ல் லார்ஜ் கம்யூனிட்டி என்ற நீளமான குறியீடு வந்து இதைத் தீர்த்துவிட்டது. இன்றைக்குச் சின்ன எண் கேட்பவர்களில் பலர், என் கணிப்பில், வண்டிக்கு ஃபேன்சி நம்பர் கேட்கிற ரகம். நிறுவனத்தை வாங்கிவிட்டோம் என்பதற்காகவும் எண்ணை இடம் மாற்ற வேண்டியதில்லை. 2006-ல் விஎஸ்என்எல் (இன்றைய டாட்டா கம்யூனிகேஷன்ஸ்) வாங்கிய டெலிகுளோப் நிறுவனத்தின் ஏஎஸ் எண் 6453 இன்றும் ஆரினில்தான் இருக்கிறது, டாட்டா கம்யூனிகேஷன்ஸ் பெயரில்.

மாற்றியே ஆகவேண்டும் என்றால், இரண்டு பதிவகங்களின் கொள்கையும் அதை அனுமதிக்க வேண்டும். நான் பார்த்தவை எல்லாம் ஆரின், ரைப், ஏப்னிக் மூன்றுக்குள் நடந்தவை. எண் கொடுப்பவர்தான் உரிமையாளரா என்று அவருடைய பதிவகம் பார்க்கும். வாங்குபவருக்குத் தகுதி உண்டா என்று இவருடையது பார்க்கும். பெரும்பாலும் இழுத்தடிப்பது காகித வேலைதான். எண் பதிவான கம்பெனி பெயர் மாறியிருக்கும், அல்லது மூடியே போயிருக்கும்.

சரி, நான் சொதப்பிய கதைக்கு வருகிறேன். ஒரு டேட்டா சென்டர்காரருக்காக ஆரினிலிருந்து ஐந்து இலக்க எண் ஒன்று ஏப்னிக்குக்கு வந்தது. மாற்றம் முடிந்ததாக மின்னஞ்சல் வந்த இரவே, அவருடைய முகவரிகளைப் புது எண்ணில் அறிவித்தோம். பத்தே நிமிடத்தில் போன்கள். சிலருக்குத் தளம் திறக்கிறது, சிலருக்குத் திறக்கவில்லை. கேபிளைப் பார்த்தோம், ஃபயர்வாலைப் பார்த்தோம். அப்புறம்தான் ரோவா நினைவுக்கு வந்தது.

'இந்த முகவரிகளை இந்த ஏஎஸ் எண் அறிவிக்கலாம்' என்று முகவரிக்காரர் கையெழுத்திட்டு வைக்கும் டிஜிட்டல் சான்றுதான் ரோவா. எங்களுடையதில் டேட்டா சென்டர்காரர் அதுவரை பயன்படுத்திய எண்தான் இருந்தது. அதனால் புது அறிவிப்பு 'செல்லாதது' ஆகிவிட்டது. சரிபார்க்கும் நெட்வொர்க்குகள் எல்லாம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டன. ஒரே முகவரித் தொகுதிக்கு இரண்டு எண்களில் ரோவா வைக்கலாம். மாற்றுவதற்கு முந்தைய நாளே புது எண்ணுக்கு ஒன்று போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. புது ரோவா எல்லா இடத்துக்கும் போய்ச் சேர விடிந்துவிட்டது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, புது எண்ணைக் குறிப்பிடும் ரோவாக்கள் உலகத்தில் வேறு எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்தேன். விற்றவரின் மூன்று முகவரித் தொகுதிகள் இன்னும் இந்த எண்ணுக்கே அனுமதி தந்துகொண்டிருந்தன! நாங்கள் கெட்டவர்களாக இருந்தால் அந்த முகவரிகளை நாங்களே அறிவித்திருக்கலாம். ரோவா சரிபார்ப்பு தடுத்திருக்காது. எண்ணை விற்பவர்கள் இதை முதலில் பாருங்கள். வாங்குபவர்கள் வில்லங்கம் பார்ப்பதுபோல அந்த எண் ஸ்பாம் தடைப்பட்டியல் எதிலாவது இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். யார் எந்த முகவரியை அறிவிப்பார்கள் என்று நெட்வொர்க்காரர்கள் பதிந்துவைக்கும் ஐஆர்ஆர் தரவுத்தளங்களில் பழைய ஆள் போட்டுவைத்த பதிவுகளையும் நீக்கச் சொல்லுங்கள். அவற்றைப் பார்த்து ஃபில்டர் போடும் அப்ஸ்ட்ரீம்கள் ஏராளம்.

இரண்டு வாரம் கழித்து இன்னொரு புகார். அமெரிக்காவில் ஒரே ஒரு அலுவலகத்திலிருந்து மட்டும் எங்கள் தளம் திறக்கவில்லை. எண்ணை விற்றவரின் கிளை அது. அங்கே ஒரு பழைய ரூட்டர் அந்த எண்ணையே தன் எண்ணாக வைத்துக்கொண்டு ஓடியது. வருகிற தடத்தில் தன் எண்ணே இருந்தால் 'சுற்றி வந்துவிட்டது' என்று நினைத்து ரூட்டர் ஒதுக்கிவிடும். பிஜிபியின் வழக்கம் அது. அப்படி ஒரு பெட்டி அங்கே இருப்பதே தங்களுக்கு மறந்துவிட்டதாக எழுதியிருந்தார்கள். அதில் எண்ணை மாற்றியதும் தளம் திறந்தது.