ரத்தக்கட்டின் நிறம் தேதி சொல்லுமா?

"பாட்டி கையில் ரத்தம் கட்டியிருக்கிறது. கீழே விழுந்ததா, யாராவது அடித்ததா என்று டாக்டருக்குத் தெரியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஓரளவு தெரியும். ஆனால் பலரும் நம்புவதுபோல நிறத்தை வைத்து அல்ல.

அடிபட்டால் தோலுக்கு அடியில் நுண்குழாய்கள் உடைந்து ரத்தம் கசியும். இது பள்ளியில் படித்ததுதான். அதற்கு அப்புறம் நடப்பதுதான் அழகு. கசிந்த சிவப்பணுக்களை மேக்ரோஃபேஜ் எனும் வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. உள்ளே ஒரு நொதி, ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீம் எனும் வளைய மூலக்கூறை ஓரிடத்தில் வெட்டித் திறக்கிறது. வளையம் அறுந்ததும் சிவப்பு போய்ப் பச்சை நிற பிலிவெர்டின் வருகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஓர் இரும்பு அணுவும், ஒரு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறும் வெளியேறும். ஆமாம், அடைத்த அறையில் சேர்ந்தால் ஆளைக் கொல்கிற அதே வாயு! அடுத்த நொதி பச்சையை மஞ்சளாக்குகிறது. மஞ்சள் காமாலையில் கண்ணில் தெரிகிற பிலிருபின்தான் அது. தங்கிய இரும்பு பழுப்பாகிறது. இவ்வளவும் எங்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஓரம் மஞ்சளாகியும் நடுப்பகுதி நீலமாகவே இருக்கலாம்.

கலிஃபோர்னியாவில் முதியோர் மருத்துவர் லாரா மொஸ்கேடாவின் குழுவினர் 101 முதியவர்களின் உடம்பில் தற்செயலாக வந்த ரத்தக்கட்டுகளைத் தினமும் வீடு தேடிப் போய்ப் பார்த்து, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். சில ரத்தக்கட்டுகள் முதல் நாளே மஞ்சளாக இருந்தன! நிறம் கைவிட்டது, இடம் கைகொடுத்தது. சுமார் 90 சதவீதம் கை கால்களில்தான். கழுத்து, காது, பிட்டம், உள்ளங்காலில் ஒன்றுகூட இல்லை. 2009இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில் அடிவாங்கிய முதியவர்களைப் பார்த்தபோது, 5 செ.மீ.க்கு மேற்பட்ட ரத்தக்கட்டுகள் அதிகம். முகம், முதுகு, வலது கையின் வெளிப்புறம் ஆகிய இடங்களிலும் அதிகம்.

பெரிய கருவி எதுவும் வேண்டாத ஆய்வு இது. கருமையான தோலில் ரத்தக்கட்டு எளிதில் தெரியாது. அதனால் நம் ஊர் முதியவர்களிடமும் இதைச் செய்து பார்க்க அரசு பணம் ஒதுக்கியே ஆக வேண்டும்.

அந்த ஆய்வுகளில் இன்னொன்றும் தெரிந்தது. தற்செயலாக வந்ததற்குப் பலருக்குக் காரணம் நினைவில்லை. அடிவாங்கியவர்களில் பெரும்பாலோர், மறதி நோய் உள்ள பலர் உட்பட, எப்படி வந்தது என்று சொன்னார்கள். ஆகவே டாக்டர் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு, "யாராவது அடித்தார்களா, அம்மா?" என்று நேராகக் கேட்க வேண்டும். பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். அளவு, இடம், படம் எல்லாம் பதிவாக வேண்டும். கலிஃபோர்னியாவில் நியாயமான சந்தேகம் இருந்தாலே டாக்டர் புகார் அளிக்க வேண்டும் என்பது சட்டம். இந்தியாவில் முதியோர் உதவிக்கு 14567 என்ற இலவச எண் இருக்கிறது. அதை மருந்துச்சீட்டிலேயே எழுதிக் கொடுக்கலாம்.