ஹைவே வருகிறது, லோங்காங் தாங்குமா?

பக்கத்தில் ஹைவே வரப்போகிறது என்று பலகை நட்டதும் தாமானில், அதாவது நம் குடியிருப்பில், கிளம்பும் முதல் பேச்சு டோல் எவ்வளவு என்பதுதான். தண்ணீர் எந்தப் பக்கம் போகும், லோங்காங் என்கிற வடிகால் தாங்குமா என்று கேட்க ஆள் குறைவு. கோலாலம்பூரில் செந்தூல், செகாம்புட், ஜாலான் ஈப்போ பக்கம் ஒரு மணி நேர மழைக்கே காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்பதற்கு விதியும் இருக்கிறது.

மலேசிய வடிகால் நீர்ப்பாசனத் துறை, அதாவது நம் வாயில் ஜேபிஎஸ், 2000-இல் வெளியிட்ட கையேட்டின் பெயர் 'மனுவால் சாலிரான் மெஸ்ரா ஆலம்', இயற்கைக்கு இசைந்த வடிகால் கையேடு. சுருக்கமாக எம்எஸ்எம்ஏ. 2001 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பதிப்பு 2012-இல். அதற்கு முன்பெல்லாம் மழைத்தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் ஆற்றில் தள்ளுகிறோம் என்பதே சாமர்த்தியம். மேட்டில் இருப்பவர் தள்ளினால் பள்ளத்தில் இருப்பவர் மூழ்குவார். இந்தக் கையேடு அதைத் திருப்பிப் போட்டது: கட்டுவதற்கு முன் அந்த நிலத்திலிருந்து பெருமழையில் எவ்வளவு தண்ணீர் உச்சமாக வெளியேறியதோ, கட்டிய பிறகும் அதைத் தாண்டக்கூடாது.

இது லேசான காரியமில்லை. ஒரு கிலோமீட்டர் நீளம், 20 மீட்டர் அகலத்துக்குத் தார் போட்டால் 2 ஹெக்டேர். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை ஒரு மணி நேரம் கொட்டினால் அதன்மேல் விழுவது 2,000 கன மீட்டர். புல் தரையாக இருந்தபோது அதில் 40 விழுக்காடு ஓடியது என்று வைப்போம். தார் போட்ட பின் 90 விழுக்காடு ஓடும். கூடுதலாக வருவது 1,000 கன மீட்டர், பத்து லட்சம் லிட்டர். கூரைக்கடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை ஆயிரம் தடவை உங்கள் லோங்காங்கில் கவிழ்த்த மாதிரி. அதனால்தான் சாலையோடு சேர்த்து, தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடும் குளமோ நிலத்தடித் தொட்டியோ கட்டச் சொல்கிறார்கள்.

அடுத்து, பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் '100 ஆண்டு வெள்ளம்'. வரிசை வீடுகள் உள்ள பகுதியில் லோங்காங், குழாய் எல்லாம் 10 ஆண்டு மழைக்கும், அது நிரம்பி வழிந்தால் தண்ணீர் வீட்டுக்குள் வராமல் சாலை வழியாகவும் திறந்தவெளி வழியாகவும் போகும் பாதை 100 ஆண்டு மழைக்கும் தாங்க வேண்டும் என்கிறது கையேடு. போன வருடம் வந்துவிட்டது, இனி 99 வருடம் நிம்மதி என்று அர்த்தமில்லை. 100 ஆண்டு மழை என்றால் ஒவ்வொரு வருடமும் அது வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு; 10 ஆண்டு மழைக்குப் பத்தில் ஒரு பங்கு. 35 வருட வீட்டுக் கடன் கட்டி முடிப்பதற்குள் 100 ஆண்டு மழை ஒரு தடவையாவது வரும் வாய்ப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு!

சாலையில் இன்னொரு சிக்கல், அது மண்மேடு போட்டு உயர்ந்து நிற்பது. நேற்றுவரை தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடிய தாழ்வில் இன்று அணை மாதிரி ஒரு கரை. அடியில் விடும் பெட்டிக் கால்வாய் சிறிதானாலும், மரக்கிளையும் பிளாஸ்டிக்கும் அடைத்தாலும், கரைக்கு மேல்பக்கம் இருக்கும் வீடுகள் குளமாகும்.

இதை முன்கூட்டிப் பார்க்கத்தான் கணினியில் வெள்ள மாதிரி செய்கிறார்கள். நிலத்தின் ஏற்ற இறக்கம், மழைக் கணக்கு, ஆற்றின் குறுக்கு அளவு, லோங்காங் பின்னல் எல்லாம் அதற்குள் போகும். சாலை இல்லாமல் ஒரு தடவை, சாலையோடு ஒரு தடவை ஓட்டி, நீர்மட்டம் எங்கே எத்தனை சென்டிமீட்டர் ஏறுகிறது என்று ஒப்பிடுவார்கள். இங்கே நான் கவனிக்கச் சொல்வது, தண்ணீர் ஆற்றில் போய்ச் சேரும் கீழ்முனையை. கிள்ளான் ஆறு நிரம்பி நிற்கும்போது லோங்காங் எவ்வளவு அகலமாக இருந்தாலும் தண்ணீர் வடியாது, பின்னுக்கு ஏறும். பினாங்கில் சுங்கை பினாங் ஆற்றோரம் இருப்பவர்களைக் கேளுங்கள், கடல் ஏறும் நேரமும் மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்வார்கள். ஆறு காலியாக இருப்பதாக வைத்துப் போட்ட கணக்கு காகிதத்தில்தான் அழகு.

"அதான் ஸ்மார்ட் சுரங்கம் இருக்கே" என்பார்கள். 2007-இல் திறந்த அந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம், கம்போங் பெரெம்பாங்கில் வெள்ளத்தை வாங்கி தாமான் டேசா பக்கம் கொண்டுபோகிறது. இரு முனையிலும் உள்ள குளங்களையும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் கன மீட்டர் கொள்ளும். ஆனால் அது காப்பது கோலாலம்பூர் நகர மையத்தை. உங்கள் பின்சந்து லோங்காங் அதன் கணக்கில் இல்லை.

என் அனுபவத்தில், திறந்துவிட்ட சாலையைவிட வேலை நடக்கும் சாலைதான் ஆபத்து. எங்கள் தாமான் பக்கத்தில் ஒரு வேலை நடந்தபோது பழைய லோங்காங்கை மண் போட்டு மூடிவிட்டு, தற்காலிகமாக ஒரு குழாயை வைத்தார்கள். இரண்டாவது மழையிலேயே செம்மண் பாதிக் குழாயை அடைத்துவிட்டது. தற்காலிக வடிகாலும் மண் அரிப்புத் தடுப்புத் திட்டமும் வேலை தொடங்கும் முன்பே ஒப்புதல் வாங்க வேண்டியவை. இதைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

எங்கே கேட்பது? சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு விதியில் இரண்டாம் அட்டவணை என்கிற பட்டியலில் வரும் திட்டம் என்றால், அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்டாக வேண்டும். அதில் வடிகால் பகுதியைத் திறந்து, உங்கள் தெரு வரைபடத்தில் இருக்கிறதா, கீழ்முனையில் ஆற்று மட்டம் எவ்வளவு என்று வைத்தார்கள், குளத்தை யார் தூர்வாருவார் என்று பாருங்கள். பிற்பாடு புகார் சொல்லும்போது, ஹைவே எல்லைக்குள் என்றால் ஹைவே நிறுவனம், தெரு லோங்காங் என்றால் மாநகர் மன்றம், ஆறு என்றால் ஜேபிஎஸ். எல்லையில் இருக்கும் லோங்காங்குக்கு மூவரும் மற்றவரைக் காட்டுவார்கள். மூவருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புவது நல்லது.

எங்கள் வரிசையில் ஓர் அக்கா, ஒவ்வொரு வெள்ளத்துக்கும் சமையலறைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைப்பார். கணினி மாதிரி சரியா என்று பொறியாளர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது இப்படிப்பட்ட கோடுகளோடுதான். தீபாவளிக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் தரையிலிருந்து டேப் பிடித்து அளந்து, ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.