டார்க் காமெடி: தமிழில் எப்படிச் சொல்வது?

புதுப் பட அறிவிப்பு வந்தாலே போஸ்டரிலோ இயக்குநர் பேட்டியிலோ ‘இது ஒரு டார்க் காமெடி’ என்ற வரி எட்டிப் பார்க்கிறது. டிரெய்லருக்குக் காத்திருக்கும் ரசிகர், ரத்தமும் உண்டு, சிரிப்பும் உண்டு என்று ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார். கணக்கு பாதிதான் சரி.

சாவு, நோய், கொலை என்று நாம் குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயங்களையே சிரிப்புக்குக் களமாக்குவதுதான் டார்க் காமெடி. நடந்த அவலம் அவலமாகவே இருக்கும், சிரிப்பு வந்து அதைச் சரிசெய்துவிடாது. பேய்க் காமெடிப் படங்கள் இதில் சேராததும் இதனால்தான். அங்கே சிரித்ததும் பயம் போய்விடுகிறது. இங்கே சிரித்த பிறகும் பிணம் அங்கேயேதான் கிடக்கிறது.

பெயருக்கு வேர் பிரெஞ்சில் இருக்கிறது. கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிச இயக்கத்தின் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் ‘யூமோர் நுவார்’, அதாவது கறுப்பு நகைச்சுவை என்ற பெயரில் ஒரு தொகைநூலை 1940-இல் கொண்டுவந்தார். நாஜி ஜெர்மனிக்கு இணங்கி அன்று பிரான்ஸை ஆண்ட விஷி அரசின் தணிக்கை அதை வெளியே விடவில்லை. இந்த வகைக்கு முன்னோடி என்று அவர் கைகாட்டியது அயர்லாந்து எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்டை. அயர்லாந்தின் வறுமை தீர ஏழைகளின் குழந்தைகளைச் சமைத்துச் சாப்பிடலாமே என்று, பொறுப்பான ஓர் அதிகாரி அறிக்கை எழுதும் தொனியில் 1729-இல் எழுதியவர் அவர். பிரெத்தோன் தந்த பெயர் ஆங்கிலத்தில் ‘பிளாக் ஹ்யூமர்’ ஆனது. ‘பிளாக் காமெடி’, ‘டார்க் காமெடி’ எல்லாம் அதன் உறவுக்காரர்கள்தான். ஹ்யூமர் என்ற சொல்லுக்கு லத்தீனில் ஈரம், நீர்மம் என்று பொருள். பழைய ஐரோப்பிய மருத்துவத்தில் கறுப்பு ஹ்யூமர் என்றால் மனச்சோர்வைத் தரும் கரும்பித்தம். அங்கிருந்து சிரிப்புக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம் வேடிக்கைதான்.

பெயர் பிறக்கும் முன்பே இந்த வகைச் சிரிப்பு குழந்தைகளின் கையில் இருந்தது. ஃபிராங்க்ஃபர்ட் மருத்துவர் ஹைன்ரிஷ் ஹாஃப்மன், தன் மூன்று வயது மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகப் படக்கதைப் புத்தகம் தேடினார். எதுவும் பிடிக்காமல் தானே வரைந்து எழுதிவிட்டார். 1845-இல் அச்சான ‘ஸ்ட்ரூவல்பீட்டர்’ அதுதான். அதில் காஸ்பர் என்ற கொழுகொழு பையன் சூப் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறான். ஒவ்வொரு நாளும் படத்தில் இளைத்துக்கொண்டே வருகிறான். நான்காம் நாள் நூலாகிறான், ஐந்தாம் நாள் செத்துப்போகிறான். கடைசிப் படத்தில் அவன் கல்லறை, அதன்மேல் சூப் கிண்ணம். நீதி ‘ஒழுங்காகச் சாப்பிடு’ என்பதுதான். ஆனால் குழந்தைக்கு மனதில் நிற்பது அந்தக் கிண்ணம்.

ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் ரோல்ட் டால் நீதியையும் கழற்றிப் போட்டார். ‘ஜேம்ஸ் அண்ட் தி ஜயண்ட் பீச்’ (1961) தொடங்கும்போதே, லண்டனில் பட்டப்பகலில் தப்பித்து வந்த காண்டாமிருகம் ஜேம்ஸின் அப்பா அம்மாவை 35 விநாடியில் தின்றுவிடுகிறது. புல் மேயும் விலங்கு அது! அவருடைய ‘தி விட்ச்சஸ்’ (1983) நாவலில் எலியாக்கப்பட்ட சிறுவன் கடைசிவரை எலிதான். இன்னும் ஏறக்குறைய ஒன்பது வருடம்தான் ஆயுள் என்று தெரிந்ததும், 86 வயதுப் பாட்டிக்குப் பிறகு தனியாக இருக்க வேண்டியதில்லை என்று மகிழ்கிறான். 1990-இல் வந்த படம் அவனை மறுபடி மனிதனாக்கிவிட்டது. டாலுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. அவலத்தைத் துடைத்ததும் அந்த வகையே மாறிப்போகிறதே.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கறுப்பு நகைச்சுவை’, ‘இருண்ட நகைச்சுவை’, ‘அவல நகைச்சுவை’ மூன்றும் புழங்குகின்றன. முதலாவது எனக்கு ஒட்டவில்லை. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியம். வெகுளி என்றால் அங்கே கோபம். அந்தக் கணக்கில் அது கோபச் சிரிப்பாகிவிடும். இன்றைய வழக்கில் கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை என்று கள்ளத்தனம் வேறு வந்து ஒட்டிக்கொள்கிறது. ‘இருண்ட’ என்பது நேர் மொழிபெயர்ப்பு. லைட்டிங் சரியில்லையோ என்று கேட்க வைக்கும்.

என் ஓட்டு ‘அவல நகைச்சுவை’க்கு. உணர்ச்சிகள் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நகையும் அழுகையும் தனித்தனி. அழுகைக்கு அவலம் என்றும் பெயர். அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு (இகழப்படுவது), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்வது), வறுமை என நான்கு. நகை பிறக்கும் இடங்களில் எள்ளலும் (கேலி) பேதைமையும் (அறியாமை) உண்டு. இழவு நடந்த இடத்தில் பேதைமையும் எள்ளலும் புகுந்தால் அதுதான் இந்த வகை. இரண்டு சுவையையும் பெயரிலேயே வைத்திருப்பது இந்தச் சொல் மட்டும்தான்.

தமிழ்க் குழந்தைகளுக்கு இது புதிதுமல்ல. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையில், குருவுக்கு ஆசனம், அதாவது பின்புறம், குளிர்ந்தால் மரணம் என்று ஒரு சோசியம். கடைசியில் மயங்கிக் கிடக்கும் குருவைச் செத்தவர் என்று நினைத்து, சீடர்கள் குளிப்பாட்டுகிறோம் என்று தண்ணீரில் அமுக்கியே கொன்றுவிடுகிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டே வந்த குழந்தை அங்கேயும் சிரிக்கிறது.

சொல்லைப் பயன்படுத்தும்போது ஒன்றைப் பார்த்துக்கொண்டால் போதும். நெல்சனின் ‘கோலமாவு கோகிலா’வில் (2018) அம்மாவின் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பணம் தேடிப் போதைப்பொருள் கடத்துகிறாள் மகள். நோயைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் சிரிப்புக்கும் இடமில்லை. அது அவல நகைச்சுவை. நாலு கொலைக்கு நடுவே காமெடியன் வந்து போகும் படத்துக்கு ‘சிரிப்பும் உள்ள திரில்லர்’ என்ற பெயரே தாராளம்.