தடைக்காலமும் மே மாதச் சம்பளமும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிட்டால் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், தொண்டி வீடுகளில் கையில் காசு புரளாது. பள்ளிக்கூடத்தின் கடைசித் தவணை ஃபீஸ் அப்படியே நிற்கும். மே சம்பளம் கேட்டால், "ஃபீஸ் வரட்டும், ஜூன்ல சேர்த்துப் பார்த்துக்கலாம் டீச்சர்" என்ற நிர்வாகத்தின் பதில் தனியார் பள்ளி ஆசிரியர் காதில் விழுவதும் அந்த நாட்களில்தான்.

ஃபீஸ் பாக்கி நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் இடையிலான கணக்கு. ஏப்ரலில் பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, ரேங்க் கார்டு எழுதியவரின் கூலி அந்தக் கணக்கில் வராது. படகு போகாத வீட்டுப் பிள்ளைக்கு ஃபீஸில் சலுகை கொடுப்பது நல்ல காரியம். அதை ஆசிரியர் சம்பளத்திலிருந்து கொடுப்பதுதான் கோளாறு.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு ஒன்று உண்டு: ஆசிரியரிடம் ஏப்ரல் 30 தேதியிட்டு ராஜினாமாக் கடிதம் வாங்கிக்கொண்டு, ஜூனில் புதிய நியமன ஆர்டர். மே சம்பளம் மிச்சம் என்பது மேலுக்குத் தெரியும் காரணம். உள்ளே இருப்பது பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி. ஒவ்வொரு ஆண்டும் புது ஆளாகக் காட்டினால் ஐந்தாண்டுத் தொடர் பணி சேராது என்ற கணக்கு. 2009 திருத்தம் ஆசிரியர்களைப் பணிக்கொடைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது, அதுவும் 1997 ஏப்ரல் 3 முதல் முன்தேதியிட்டு. தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. வாரம் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனத்தில் ஓர் ஆண்டில் 190 நாள், மற்றவற்றில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அது தொடர் பணி. கோடை விடுமுறை ஆசிரியரின் தவறால் வந்த இடைவெளியும் இல்லை. ஆனால் கையெழுத்திட்ட ராஜினாமாக் கடிதம் எதிர்த்தரப்பின் கையில் இருந்தால் வாதம் சிக்கலாகும். தேதி போடாத வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் போடாதீர்கள். வேறு வழியில்லாமல் போட்டிருந்தால், அன்றே அதைக் குறிப்பிட்டுத் தாளாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள்.

பணிக்கொடைக் கணக்கு எளிது. கடைசி மாத ஊதியத்தை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் முழு ஆண்டாகும். 18,000 ரூபாய் ஊதியம், 11 ஆண்டு 7 மாதம் பணி என்றால் 12 ஆண்டுக்கு 1,24,615 ரூபாய். இங்கே 'ஊதியம்' என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்தான். அதனால்தான் சம்பளச் சீட்டில் அடிப்படை 6,000, மீதி 12,000 'இதர படிகள்' என்று எழுதுகிறார்கள். தொகை 41,538-ஆகச் சுருங்கிவிடும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகும் படிகளை ஊதியத்தோடு சேர்க்கச் சொல்கிறது. அப்படியானால் ஊதியம் 9,000 ஆகி, 62,308 ரூபாய் வர வேண்டும். சீட்டைப் பத்திரப்படுத்தாதவருக்கு இந்தக் கணக்கு எதுவும் உதவாது.

வங்கியில் சம்பளம் 20,000 போட்டு, மறுநாள் 8,000-ஐப் பணமாகத் திருப்பி வாங்கும் பழக்கமும் உண்டு. சில இடங்களில் ஏடிஎம் அட்டையே அலுவலக அலமாரியில் தூங்கும். ஆவணத்தில் நிர்வாகம் சுத்தம். மாதாமாதம் ஒரே தேதியில், ஒரே தொகை, பள்ளிக்குப் பக்கத்து இயந்திரத்தில் எடுக்கப்படுவது கணக்குப் புத்தகத்தில் தெரியும், அதுவே சாட்சி. நிர்வாகம் அட்டையைத் தர மறுத்தால் வங்கியில் பழையதை முடக்கிப் புதியது வாங்கலாம்.

பி.எஃப். பாஸ்புக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். 15,000 ஊதியத்துக்கு ஆசிரியர் பங்கு 1,800. நிர்வாகப் பங்கும் 1,800. அதில் 1,250 ஓய்வூதியத்துக்கு, 550 வைப்புக்கு. உங்கள் சம்பளத்திலேயே 3,600 பிடித்திருந்தால் நிர்வாகப் பங்கையும் நீங்களே கட்டுகிறீர்கள் என்று பொருள், அது சட்ட விரோதம். ஜூனில் 'புது ஆள்' ஆக்கும்போது இரண்டாவது யூ.ஏ.என். எண் (பி.எஃப். உறுப்பினரின் நிரந்தர எண்) உருவாகியிருக்கும், பழையதோடு இணைக்காவிட்டால் ஓய்வூதியத்துக்கான பத்தாண்டு முழுமையாகாது. மாதம் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் வைப்பு நிதி அமைப்பு நடத்தும் குறைதீர் முகாமுக்கு நேரில் போகலாம்.

சம்பளப் பாக்கி என்றதும் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு ஓடுவது வழக்கமான தவறு. 1988-லேயே சுந்தராம்பாள் வழக்கில், ஆசிரியர் அன்றைய தொழில் தகராறு சட்டத்தின் பொருளில் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணிக்கொடைக்குத் தொழிலாளர் துறை அலுவலர். சம்பளம், நீக்கம், தற்காலிகப் பணிநீக்கம் என்றால் கல்வித் துறை. மாவட்டக் கல்வி அலுவலருக்கு மனு எழுதும்போது 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் சட்டத்தின் பிரிவு எண்களைப் பழைய மாதிரிக் கடிதத்திலிருந்து நகலெடுக்காதீர்கள். அதன் இடத்தில் 2018-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டமும் 2023 விதிகளும் இருக்கின்றன. பள்ளி தன் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது கொடுத்த ஆசிரியர் பட்டியலில் உங்கள் பெயரும் சேர்ந்த தேதியும் எப்படிப் பதிவாகியுள்ளன என்று தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய்க் கட்டணத்தில், கல்வி அலுவலகத்திடமே கேட்கலாம்.

வகுப்பறைச் சுதந்திரம் என்றால் கல்லூரிப் பேராசிரியர் விவகாரம் என்று நினைப்பார்கள். ராமேசுவரம் பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை கச்சத்தீவைப் பற்றிக் கேட்காமல் இருக்குமா? இலங்கையோடு போட்ட 1974 ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம், அதன்பின் கடலில் நடப்பது எல்லாம் அதன் வீட்டுப் பேச்சு. ஆசிரியர் அதை விளக்கலாம். யுனெஸ்கோவும் ஐ.எல்.ஓ. எனும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 1966-இல் தந்த பரிந்துரை, பாடமுறையையும் துணைக்கருவிகளையும் தீர்மானிப்பதில் ஆசிரியருக்கே முதன்மைப் பங்கு என்கிறது; அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு வலு சேர்க்கும். நடைமுறையில் காப்பது பாடக்குறிப்புதான்: தேதி, எந்தப் பாடத்தின் தொடர்ச்சி, காட்டிய வரைபடம், பிள்ளைகள் கேட்ட கேள்வி. விளக்கம் கேட்டு மெமோ வந்தால் வாய்மொழியாக மன்னிப்புக் கேட்டுவிட்டு வராதீர்கள். எந்தச் சொல், எந்த நாள், யார் புகார் என்று எழுத்தில் கேட்டு, பதிலுக்கு அவகாசமும் கேளுங்கள்.

புயல் நேரத்தில் நிவாரண முகாம் வேலைக்குக் கூப்பிட்டால் மறுக்க இடமில்லை. கல்வி உரிமைச் சட்டம் 27-ஆம் பிரிவு பேரிடர் நிவாரணம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல் மூன்றையும் விதிவிலக்காக வைத்திருக்கிறது. நிர்வாகத்தின் அட்மிஷன் பிரசுரத்தைத் தெருத்தெருவாகக் கொடுப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

வேலைநிறுத்தம் பற்றிச் சுருக்கமாக: 2003-இல் ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர், ஆசிரியர் நீக்கப்பட்டபோது, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது உச்ச நீதிமன்றம். சங்கம் அமைக்கும் உரிமை வேறு. அது அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு தருவது. ஏழு பேர் இருந்தால் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதியலாம்.

அதனால் மனு தனி ஆள் பெயரில் போக வேண்டாம், சங்கத்தின் பெயரில் போகட்டும். அதில் மே சம்பளத் தேதி, பி.எஃப். பங்கு, நியமன ஆணை நகல் என மூன்று கேள்வி போதும். தாளாளருக்கு ஒன்று, மாவட்டக் கல்வி அலுவலருக்கு நகல், இரண்டுக்கும் ஒப்புகை. அனுப்ப வேண்டியது மார்ச் முதல் வாரம். படகுகள் இன்னும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும், ஃபீஸும் வந்துகொண்டிருக்கும்.